கழிமுகத்து விருந்து

விராலடிப்பான் என்னும் பறவையை நம் நாட்டுக் குளக்கரைகளிலும் கடற்கரைகளிலும் கண்டவர் பலர். பெயரறிந்து கண்டவர் சிலரே. பருந்தென்றோ கழுகென்றோ பொதுப்படக் கூறிவிட்டு நாம் அப்பாற் செல்கின்றோம். நம் வேதாகமத்தில், லேவியராகமம் 11-ஆம் அதிகாரத்தில், புசிக்கலாகாத பறவைகளின் வரிசையிலே ‘கடலுராஞ்சி’ என்றொரு பெயர் காணப்படுகின்றது. 1611-ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பு அவ்விடத்தில் விராலடிப்பானின் பெயரையே வழங்குகின்றது. விரால் நன்னீர் மீன். ஆதலின் விராலடிப்பான் என்பது குளத்திற் பிறந்த பெயர். கடலுராஞ்சி என்பதோ கடலிற் பிறந்த பெயர். அவ்விரு நீரும் கலக்கும் கழிமுகம் ஒன்றிலேதான் யான் இப்பறவையை அறியலானேன்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் பழையாறு கடலொடு கலக்குமிடம் மணக்குடி. அதற்கு அண்மையிலுள்ளது எம் ஊர். 2016-ஆம் ஆண்டு ஐப்பசித் திங்களில், யான் பத்து வயதுச் சிறுவனாய் இருந்தபோது, கழிக்கரையிலுள்ள மொட்டைத் தென்னையின் உச்சியில் ஒரு புதிய பறவை வந்தமர்ந்தது. தலையும் வயிறும் வெண்மை. கண்வழியே ஓடியது ஒரு கரும்பட்டை. முதுகின் கபில நிற இறகுகள் ஒவ்வொன்றும் வெளிறிய விளிம்பு பெற்று, மீன்செதில் அடுக்கியதுபோல் தோன்றின. இச்செதிற்கோலம் அவ்வாண்டிற் பிறந்த இளம்பறவைக்கு உரியது. வளர்ந்த விராலடிப்பான்கள் பங்குனி வாக்கில் வடதிசை நோக்கி மீள்வன. இளம்பறவைகளோ முதற் கோடையில் மீளாது, வந்தவிடத்திலேயே தங்கிவிடும் இயல்பின. எம் பறவையும் 2017-ஆம் ஆண்டுக் கோடை முழுதும் கழிமுகத்தை விட்டகலவில்லை. ஆகவே அதன் வயதை யான் அறிவேன். மார்பின் குறுக்கே அகன்ற பட்டை இருத்தலின் அதனைப் பெடை என்று கருதுகின்றேன்.

அதன் வேட்டை காணத்தக்கது. நீர்ப்பரப்பின்மேல் வட்டமிட்டு வரும். மீனைக் கண்டவிடத்துச் சிறகடித்து அந்தரத்தில் ஒருகணம் நிற்கும். பின்னர்க் கால்களை முன்னே நீட்டி நீரில் வீழும். மீன் வழுக்கும் பொருளன்றோ! அதனைப் பற்றுதற்கென அதன் உள்ளங்காலிற் கூரிய சிறு முட்கள் உள்ளன. வெளிவிரலைப் பின்னுக்குத் திருப்பி, முன்னிரண்டு பின்னிரண்டாக நான்கு விரல்களாலும் இறுகப் பிடிக்கவும் அஃது வல்லது. நீரிற் பாயுங்கால் மூக்குத்துளைகள் மூடிக்கொள்ளும். எழுந்தபின் நனைந்த நாயைப்போல் உடலை உதறி, காற்றின் தடை குறையுமாறு மீனின் தலையை முன்னாகத் திருப்பிக்கொண்டு பறக்கும். இத்துணைக் கருவிகள் இருந்தும் பல பாய்ச்சல்கள் வெறுங்காலோடு முடிவதுண்டு. கிட்டிய மீனைப் பறிக்கச் செம்பருந்துகள் துரத்துவதும் உண்டு. வீச்சுவலை எறிந்து மடவை பிடிக்கும் என் பாட்டனார் இதனைக் கண்டு, “மக்கா, கடலை நம்பின பிழைப்பு அதுக்கும் நமக்கும் ஒண்ணுதான். ஆனால் நாளைக்கு என்று அது ஒரு மீன்கூட எடுத்து வைக்காது” என்று கூறுவார்.

2017-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் இறுதியில் ஒக்கிப் புயல் எம் மாவட்டத்தைத் தாக்கியது. ஆழ்கடலுக்குச் சென்றிருந்த மீனவர் பலர் கரைக்கு மீண்டிலர். எம் உறவினர் வீடொன்றிலும் ஒருவரை எதிர்நோக்கிப் பல நாட்கள் விளக்கு அணையாது எரிந்தது. தோப்புகளெல்லாம் சாய்ந்து கிடந்தன. நான்காம் நாள் மாலை அம்மொட்டைத் தென்னையில் விராலடிப்பானைக் கண்டேன். அதனை நல்ல அடையாளமென்று வீட்டிற் சென்று சொல்லலாமோவென்று சிறுவனாகிய யான் பாட்டனாரைக் கேட்டேன். அவர் தலையசைத்து மறுத்தார். “அது அதன் பசிக்கு வந்திருக்கிறது. நம் வீட்டுச் செய்தியை அதன் தலையில் ஏற்றாதே” என்றார். ஒருவர்க்கும் நற்செய்தி கொணராத அப்பறவை, கலங்கிய நீரில் மும்முறை பாய்ந்து, நான்காம் முறை ஒரு சிறு மீனோடு எழுந்ததை நாங்கள் இருவரும் பேசாது பார்த்திருந்தோம். எதிர்பார்த்தவர் வரவில்லை. பறவை 2018-ஆம் ஆண்டுப் பங்குனியில் முதன்முறையாக வடக்கே சென்றது, ஐப்பசியில் மீண்டது.

நிற்க. ஆண்டுதோறும் வருவது அப்பறவையே என்பதற்குச் சான்று யாது என விடுதித் தோழர் ஒருவர் என்னை வினவினார். அவர் காலில் வளையமிட்ட பறவையையே நம்புபவர். எம் பறவைக்கு வளையமில்லை. சிறகின் முறிவை அடையாளமாகக் கொள்ளவும் இயலாது. இறகுகள் உதிர்ந்து புதியன முளைப்பன. ஆனால் உச்சந்தலையிலுள்ள கரும்புள்ளிகளின் அமைப்புப் பறவைக்குப் பறவை வேறுபடும். எம் பறவைக்கு இடக்கண்ணின் மேற்புறம் புளியங்கொட்டை வடிவில் ஒரு மறு உண்டு. விராலடிப்பான்கள் குளிர்காலத்தைக் கழித்த இடத்திற்கே மீண்டும் மீண்டும் வருவன என்பதை வளையமிட்டும், செயற்கைக்கோள் வழி அறிவிக்கும் கருவி பொருத்தியும் ஆராய்ந்தோர் நிறுவியுள்ளனர். மொட்டைத் தென்னை 2022-ஆம் ஆண்டிற் சரிந்தபின், அதற்கு அடுத்த மின்கம்பத்தையே அது தன் இருக்கையாகக் கொண்டது. இவையே என் சான்றுகள். இவற்றைக் கொண்டு, 2025-ஆம் ஆண்டுப் பங்குனியோடு ஒன்பது பருவங்கள் அதனைக் கண்டேன் என்று துணிந்து கூறுவேன்.

இப்பறவையினம் மனிதன் கையால் நலிந்த காலமும் உண்டு. இரண்டாம் உலகப்போருக்குப் பின் மேலைநாடுகளிற் பெரிதும் தெளிக்கப்பட்ட டி.டி.டி. என்னும் பூச்சிமருந்து, நீரிற் கலந்து மீனிற் சேர்ந்து, அம்மீனை உண்ட பறவையின் முட்டையோட்டை மெலிவித்தது. அடைகாக்கும் தாயின் பாரத்தாலேயே முட்டைகள் உடைந்தன. அமெரிக்க ஐக்கிய நாடுகள் 1972-ஆம் ஆண்டில் அம்மருந்தைத் தடைசெய்தபின் இவ்வினம் அங்கே மெல்லப் பெருகியது. தாய் அறியாத நஞ்சைத் தாயின் மடியிலேயே வைத்த கொடுமையை எண்ணுந்தோறும், நாகர்கோவில் நகரத்தின் கழிவையும் சுமந்துகொண்டு மணக்குடி வந்துசேரும் பழையாறு என் நினைவிற்கு வருகின்றது. விருந்தினர்க்கு இடும் நீரை நாம் தூய்தாய் வைத்திருக்கின்றோமா?

விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பது பழம்பொருள் எனத் தமிழ் வகுப்பிற் பயின்றோம். ஒன்பது பருவம் பழகிய பறவையை விருந்தென்பது பொருந்துமோ எனின், பொருந்தும் என்பேன். அஃது என்னை அறியாது. என் கையால் ஒரு மீனும் பெற்றதில்லை. வருவேன் என்று வாக்களித்ததும் இல்லை. இமயத்திற்கு வடக்கேயுள்ள நீர்நிலைகளுக்கும் குமரிக்கும் இடையே புயலும் பசியும் வலையும் எத்தனையோ உள. ஆகவே ஒவ்வோர் ஐப்பசியிலும் அதன் வரவு புதிதாகவே பெறப்படுவது. உரிமை கொண்டாடாமல் ஓர் உயிரின்மீது அன்பு வைக்கலாகும் என்பதை யான் அதனிடத்துக் கற்றேன். அன்பர்களே! உங்கள் ஊர்க் குளத்திலும் பெயரறியப்படாத விருந்து ஒன்று வந்திருக்கக்கூடும். விடுமுறையில் ஊர் செல்லுங்கால் சற்று நின்று, அதன் பெயரைக் கேட்டறிந்து, அடுத்த ஆண்டும் அதனைத் தேடுமின்.