எத்தனை ஓட்டை?

1992-ல் 'சின்னக் கவுண்டர்' வந்தபோது, தொப்புளில் பம்பரமும் விடலாம் என்று தமிழ்நாடு தெரிந்துகொண்டது. தொப்புளுக்கு அதைவிட உருப்படியான உபயோகம் ஒன்று உண்டு. செஞ்சிக்குப் பக்கத்தில் அனந்தபுரத்தில் இருக்கும் என் சித்தியால்தான் எனக்கே அது தெரியவந்தது.

சித்திக்குப் பித்தப்பையில் கல். ஸ்கேன் எடுத்த இடத்தில், சினைப்பையில் ஆரஞ்சுப் பழ சைஸில் நீர்க்கட்டி என்றும் சொல்லிவிட்டார்கள். ஒன்று மேல்வயிறு, இன்னொன்று அடிவயிறு. "ரெண்டு வாட்டி அறுத்துக்கிட்டு ரெண்டு வாட்டி படுத்தா, மாட்டை யாரு பாக்கறது? மல்லாட்டை யாரு புடுங்கறது?" என்று ஒரு வருஷம் கடத்திவிட்டார்.

பாண்டிச்சேரியில் ஒரு சர்ஜன், "ஒரே மயக்கத்துல ரெண்டையும் எடுத்துடலாம்மா. தொப்புள்ல ஒரே ஓட்டை போதும்" என்றார். சித்தி நம்பவில்லை. நீங்களும் நம்பமாட்டீர்கள்.

விஷயம் இதுதான். தொப்புளில் இரண்டு, இரண்டரை சென்டிமீட்டருக்கு ஒரு கீறல். கார்பன் டை ஆக்ஸைடு செலுத்தி வயிற்றைப் பலூன் மாதிரி உப்ப வைக்கிறார்கள். கேமரா, கத்தரி, இடுக்கி எல்லாம் அந்த ஒரு வாசல் வழியாக. கேமரா மேலே பார்த்தால் கல்லீரலுக்கு அடியில் பித்தப்பை. கீழே திருப்பினால் சினைப்பை. வெட்டியதைப் பைக்குள் போட்டு அதே வழியாக வெளியே எடுக்கிறார்கள். தொப்புளே பிறந்தபோது வந்த தழும்புதான். புதுத் தழும்பு அதற்குள் ஒளிந்துகொள்ளும்.

1985-ல் ஜெர்மனியில் எரிக் மூஹே, லேப்ராஸ்கோப் வழியாக முதன்முதலில் பித்தப்பையை எடுத்தபோது சக டாக்டர்கள் அவரை மதிக்கவில்லை. 1990-ல் மும்பையில் டெஹம்டன் உத்வாடியா அதைச் செய்தார். தொப்புளோடு முடித்துக்கொள்ளும் வித்தையை 1997-ல் இத்தாலியின் நவாரா வெளியிட்டார்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரே பானைக்குள் மூன்று பேர் கரண்டி விட்டால் என்ன ஆகும்? கருவிகள் இடித்துக்கொள்ளும், நேரம் கூடும். 2013-ல் வெளியான ஓர் ஆய்வில், பித்தப்பை ஆபரேஷனுக்குப் பிறகு ஹெர்னியா வந்தவர்கள் நாலு துளைக்காரர்களில் 1.2 சதவிகிதம், ஒரு துளைக்காரர்களில் 8.4.

இதைச் சர்ஜனே மறைக்காமல் சொன்னார். சித்தி ஒரே கேள்வி கேட்டார்: "தழும்பை யாரு பாக்கப் போறா? அப்புறம் நான் குடம் தூக்கலாமா, அதச் சொல்லுங்க." டாக்டர் யோசித்துவிட்டு, சின்னச் சின்னதாக நாலு துளை போட்டார். மயக்கம் மட்டும் ஒரே தடவைதான். இரண்டும் முடிந்து மூன்றாம் நாள் வீடு. குடம் தூக்க ஒன்றரை மாதம் தடை.

இரட்டை ஆபரேஷன் எல்லாருக்கும் ஒத்துவராது. பித்தப்பையில் சீழ் இருந்தால், இதயம் பலவீனமாக இருந்தால், தனித்தனியாகச் செய்வதே நல்லது. உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த நிலைமை வந்தால், ஓட்டை எத்தனை என்று கேட்பதற்கு முன்னால் மயக்கம் எத்தனை தடவை என்று கேளுங்கள். அடுத்தது, மறுபடி எப்போது வேலைக்குப் போகலாம் என்பது. தழும்பு பற்றிய கேள்வி கடைசியில் இருக்கட்டும்.