சாய்ந்த கோபுரமும் முடியாத மாளிகையும்

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் போதும், "எங்கேயாவது போகலாம்" என்று பிள்ளைகள் நச்சரிக்கத் தொடங்கிவிடுவார்கள். ஓட்டலில் தங்கப் பணத்துக்கு எங்கே போவது என்று பெற்றோர் கவலைப்பட வேண்டாம். ஒரு கூடாரம், ஒரு சோற்றுப் பானை, ஒரு போத்தல் நெத்திலிச் சம்பல் ஆகியவை இருந்தால் போதும். பேராக் மாநிலத்தின் விநோதங்களை இரண்டே நாளில் பார்த்துவிட்டு வரலாம். சென்ற விடுமுறையில் பாட்டி முதல் பேரன் வரை நாங்கள் எட்டுப் பேர் ஒரே வேனில் அப்படித்தான் போய் வந்தோம்.

முதல் நாள் தங்கல், தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலையில் உள்ள கோலா வோ. மலையிலிருந்து பாறைகளின் மேல் புரண்டு வரும் ஆற்று நீர் பல்லைக் கிட்ட வைக்கும் குளிர்ச்சி. அதன் அருகிலேயே வெந்நீர் ஊற்று! ஒரே இடத்தில் குளிரும் சூடும். பாட்டி வெந்நீரில் காலை நனைத்தவர் எழுந்திருக்கவே மறுத்துவிட்டார். முழங்கால் வலிக்கு இதைவிட நல்ல மருந்து இல்லையாம்.

கூடாரம் அடிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆற்றோரத்து மணல் எவ்வளவு அழகாக இருந்தாலும் அங்கே படுக்கக் கூடாது. நாம் இருக்கும் இடத்தில் வெயில் அடித்தாலும், மலையில் மழை கொட்டினால் வெள்ளம் திடீரென்று பாய்ந்து வரும். இதைத்தான் மலாய்க்காரர்கள் 'கெப்பாலா ஆயர்' என்கிறார்கள். தண்ணீர் கலங்கி, இலையும் குச்சியும் மிதந்து வந்தால், சாமான்களைப் பார்க்காமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். நாங்கள் மேட்டிலேயே கூடாரம் அடித்து, சுடுசோறும் சம்பலும் உண்டு நிம்மதியாக உறங்கினோம்.

மறுநாள் காலை பசியாறிவிட்டு, பீடோர் வழியாகத் தெலுக் இந்தான் போய்ச் சேர்ந்தோம். 1982-ஆம் ஆண்டு வரை இந்த ஊருக்குத் தெலுக் ஆன்சன் என்று பெயர். பட்டணத்தின் நடுவே நிற்கிறது சாய்ந்த கோபுரம். 1885-இல் லியோங் சூன் சோங் என்ற சீனர் கட்டியது, உயரம் 25.5 மீட்டர். வெளியிலிருந்து எண்ணினால் எட்டு மாடி; உள்ளே இருப்பதோ மூன்றுதான்! கோயில் என்று நினைத்துக் கும்பிட வேண்டாம். வறட்சிக்கும் தீ விபத்துக்கும் உதவ நீர் தேக்கி வைத்த இடம் இது. மேலே தொட்டியின் பாரம், கீழே இளகிய மண். ஆகவே கோபுரம் ஒரு பக்கமாய்ச் சாய்ந்துவிட்டது. மேலே இருக்கும் கடிகாரம் ஊருக்கே மணி காட்டியது.

அங்கிருந்து பத்து காஜா செல்லும் வழியில், தஞ்சோங் துவாலாங்கைத் தாண்டியதும் ஈயம் தோண்டும் பழைய கப்பல் ஒன்று நிற்கிறது. 1938-இல் கட்டப்பட்டு 1982-இல் ஓய்வு பெற்ற இந்த இரும்பு மலையின் எடை 4,500 டன். கடலையே காணாத கப்பல் என்று பிள்ளைகள் சிரித்தார்கள்.

கடைசியாகப் பார்த்தது கெல்லி மாளிகை. வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1890-இல், இருபது வயதில், மலாயாவுக்கு வந்தார். காடழிக்கும் குத்தகையில் பொருள் சேர்த்து ரப்பர் தோட்டத் துரையானார். 1915-இல் இந்த மாளிகையைத் தொடங்கினார். ஆறு மாடிக் கோபுரம், மின்தூக்கி என்று பெரிய பெரிய திட்டங்கள். செங்கல் இந்தியாவிலிருந்து வந்தது. கட்டிய கைகளும் சென்னை மாகாணத்திலிருந்து வந்தவை. 1926-இல் போர்ச்சுகலின் லிஸ்பன் நகரில் துரை நிமோனியாவால் இறந்தார். மாளிகை அப்படியே நின்றுபோயிற்று.

முதல் உலகப் போருக்குப் பிறகு பரவிய விஷக் காய்ச்சலில் தொழிலாளர்கள் பலர் மாண்டார்கள். அம்மனுக்குக் கோயில் வேண்டும் என்று எஞ்சியவர்கள் கேட்க, துரை அதற்கு உதவினார் என்று சொல்லப்படுகிறது. மாளிகைக்குச் சற்றுத் தொலைவில் உள்ள மாரியம்மன் கோயில் அதுதான். அதன் மேலே சாமி உருவங்களோடு, வெள்ளை உடுப்பும் தொப்பியுமாகத் துரைக்கும் ஒரு சிலை!

பேரன் கைதட்டிச் சிரித்தான். பாட்டி சிரிக்கவில்லை. வெகுநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "துரைக்குச் சிலை இருக்கு. செங்கல் சுமந்தவங்க பேரை எங்கப்பா எழுதியிருக்கு?" என்று கேட்டார். நாங்களும் தேடிப் பார்த்தோம். எங்கள் கண்ணில் படவில்லை.

பாட்டியின் தகப்பனாரும் ஒரு தோட்டத்தில் காடழித்து, கோயிலுக்கு மண் சுமந்தவர்தான். அந்தத் தோட்டம் இன்று வீடமைப்புப் பகுதி. கோயிலும் இடம் மாறிவிட்டது. திரும்பும் வழியெல்லாம் பாட்டி பெயர் பெயராகச் சொல்லிக்கொண்டே வந்தார். மகள் பள்ளி நோட்டில் எழுதினாள். பதினேழு பெயர்கள் சேர்ந்தன.

அன்பர்களே, அடுத்த விடுமுறையில் குடும்பத்தோடு இந்த இடங்களைப் போய்ப் பாருங்கள். போகும்போது ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துச் செல்லுங்கள். உங்கள் தோட்டத்துக் கோயிலையும் லயத்தையும் கட்டியவர்கள் யார் என்று, சொல்லத் தெரிந்தவர்கள் நம்மோடு இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.