லாச்சிக்குள் ஒரு நாள்

பத்திரிகை அலுவலகத்தில் எனது ஆரம்ப வருடங்களில் வாசகர் கடிதங்களைச் செப்பனிடும் பொறுப்பு என்னிடம் இருந்தது. பெயரும் முகவரியும் இல்லாத கடிதங்களை நாம் பிரசுரிப்பதில்லை. கடுங்கோபத்துடன் எழுதப்பட்ட கடிதமாயின், அதனை ஒரு நாள் மேசை லாச்சிக்குள் வைத்திருந்து மறுநாள் மீண்டும் வாசிக்கும்படி ஆசிரியர் கூறுவார். சில சமயங்களில் மறுநாள் காலையில், "அதைப் போடவேண்டாம்" என்று எழுதியவரே தொலைபேசியில் கேட்டுக்கொள்வதும் உண்டு.

அந்த ஒரு நாளின் பெறுமதியை முகநூலுக்கு வந்த பின்னரே நான் உணர்ந்தேன்.

2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். கறியில் கிடந்த மாவுக்கட்டியை, சிங்களவருக்கு இரகசியமாகக் கொடுக்கப்படும் கருத்தடை மாத்திரை என்று ஒரு கூட்டம் குற்றஞ்சாட்டியது. சிங்களம் சரிவரத் தெரியாத ஒருவர் மிரட்டலின் நடுவே சொன்ன அரைகுறைப் பதில் ஒளிப்பதிவாகி, குற்ற ஒப்புதலாகப் பரவியது. அது வெறும் மாவு என்று அரச இரசாயனப் பகுப்பாய்வு பின்னர் உறுதிசெய்தது. அதற்குள் கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டுவிட்டன. அந்தச் சூடு ஆறுமுன்னர், மார்ச் முதல் வாரத்தில் கண்டி மாவட்டத்தின் திகன, தெல்தெனியப் பகுதிகளில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. 7ஆம் திகதி அரசாங்கம் முகநூல், வட்ஸ்அப், வைபர் ஆகியவற்றை முடக்கியது. 2020 மே மாதத்தில் முகநூல் நிறுவனம் அந்நாட்களில் தனது தளம் துஷ்பிரயோகம் செய்யப்பட்டதற்காக மன்னிப்புக் கோரியது.

அம்பாறையில் அந்த மனிதரிடம் கேட்கப்பட்ட கேள்வி உண்மையில் அவரிடம் கேட்கப்படவில்லை. கைத்தொலைபேசிக்கு அப்பால் இருந்த கூட்டத்துக்காகவே அது கேட்கப்பட்டது.

இதனைப் பிறருக்குப் போதிக்கும் அருகதை எனக்கில்லை. தடை நீங்கிய சில நாட்களில், முப்பது வருட கால நண்பரும் சக பத்திரிகையாளருமான ஒருவர் திகன பற்றி முகநூலில் எழுதியிருந்தார். கிழக்கில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே நேர்ந்த கசப்புகளை வரிசைப்படுத்தி அவரது பதிவு ஆரம்பித்தது. வன்முறையை நியாயப்படுத்துகிறார் என்று எண்ணி, ஏளனமாக நான்கு வரி எழுதினேன். விருப்பக் குறிகள் குவிந்தன. மேலும் நான்கு வரி எழுதினேன். அவருக்குப் பதில் சொல்லத் தொடங்கிய நான், கைதட்டியவர்களுக்காக எழுதிக்கொண்டிருந்தேன். அவர் மௌனமானார். அதனை எனது வெற்றி என்று நினைத்தேன்.

இரண்டு வருடங்களின் பின்னர் ஒரு மரண வீட்டில் பக்கத்துப் பக்கத்துக் கதிரைகளில் அமர நேர்ந்தது. தேநீரை என் பக்கம் நகர்த்தியபடி அவர் மெதுவாகக் கேட்டார்:

"ஐசே, நான் எழுதினதை நீர் முழுக்க வாசிச்சனீரோ?"

வாசிக்கவில்லை. 'மேலும் பார்க்க' என்ற சொற்களுக்கு மேலிருந்த சில வரிகளை மட்டுமே வாசித்திருந்தேன். அன்றிரவு தேடியெடுத்து மிகுதியை வாசித்தேன். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, பேனா பிடித்த நாம் என்ன எழுதினோம் என்று அவர் தன்னைத்தானே கேட்டிருந்தார். 'நாம்' என்ற அந்தச் சொல்லுக்குள் நானும் இருந்தேன்.

மறுநாள் தொலைபேசியில் அழைத்து மன்னிப்புக் கேட்டேன். ஆனால் என்னைக் கைதட்டி உற்சாகப்படுத்தியவர்களில் எத்தனை பேர் அந்த மிகுதியை இன்றுவரை வாசித்திருப்பார்கள்?