சுகர் உள்ள அம்மா, குழந்தையின் மூளை, நடுவுல மெலடோனின்

"டாக்டர், எனக்கு சுகர் இருக்கு, மாசமாவும் இருக்கேன். மெலடோனின் போட்டா குழந்தை மூளைக்கு நல்லதாமே?"

இந்தக் கேள்வி இப்போ இன்பாக்ஸில் அடிக்கடி வருது. ஆராய்ச்சி இருப்பது உண்மைதான். ஆனா ஆராய்ச்சி சொல்வது ஒன்று, ரீல்ஸ் சொல்வது வேறொன்று. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

மெலடோனின், இருட்டினதும் நம்ம மூளையில் இருக்கும் பீனியல் சுரப்பி சுரக்கும் ஹார்மோன். 1958ல் யேல் பல்கலைக்கழகத்தின் ஆரோன் லெர்னர், மாட்டின் பீனியல் சுரப்பிகளில் இருந்து இதைப் பிரித்தெடுத்தார். அவர் தோல் மருத்துவர். தேடியது தோல் நிறத்தைப் பற்றி, தூக்கத்தைப் பற்றி இல்லை!

வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு ராத்திரி பகல் பார்த்து இதைச் சுரக்கத் தெரியாது. பிறந்து சில மாதம் ஆகணும். அதுவரை அம்மாவின் மெலடோனின்தான் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போய், "இப்போ ராத்திரி" என்று சொல்லுது.

இப்போ சுகருக்கு வருவோம். அம்மா ரத்தத்தின் குளுக்கோஸ் நஞ்சுக்கொடியைத் தாண்டும். இன்சுலின் தாண்டாது. ஆரம்ப வாரங்களில் கருவுக்குச் சொந்த இன்சுலினும் கிடையாது. ஆக, அம்மாவுக்கு 250 இருந்தா அந்த வெள்ளம் அப்படியே கருவையும் அடிக்கும். செல்லுக்குள்ள ஆக்சிஜனேற்ற அழுத்தம் ஏறும். நரம்புக்குழாய் மூடத் தேவையான பாக்ஸ்3 என்ற மரபணுவின் வேலை குறையும். மூளையும் தண்டுவடமும் ஆக வேண்டிய செல்கள் பாதியிலேயே செத்துப்போகும்.

மெலடோனின் இந்த அழுத்தத்தைத் தணிக்கக் கூடியது. சர்க்கரை நோய் உண்டாக்கப்பட்ட சுண்டெலித் தாய்களுக்குக் கொடுத்துப் பார்த்தப்போ, குட்டிகளில் நரம்புக்குழாய்க் குறைபாடு குறைந்தது, நரம்பு ஸ்டெம் செல்கள் சாவதும் குறைந்தது. நல்ல செய்திதான்.

ஆனா எலிக்கு. அதுவும் உடல் எடை கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கில். கடையில் கிடைக்கும் 3 மில்லிகிராம் மாத்திரைக்கும் அந்த டோஸுக்கும் சம்பந்தமே இல்லை. கர்ப்பிணிகளிடம் நடந்த சின்னச் சின்ன ஆய்வுகள் பெரும்பாலும் கர்ப்பகால ரத்த அழுத்தம், குழந்தை வளர்ச்சிக் குறைவு பற்றியவை. சுகர் உள்ள அம்மாவுக்குக் குழந்தையின் மூளையைக் காக்க மெலடோனின் கொடுங்கள் என்று எந்த வழிகாட்டுதலும் சொல்லவில்லை.

இன்னொரு சங்கதி, ரீல்ஸில் வராதது. 2014ல் ஸ்பெயினில் ஆரோக்கியமான பெண்களுக்கு 5 மில்லிகிராம் மெலடோனின் கொடுத்து, பிறகு குளுக்கோஸ் குடிக்க வைத்தார்கள். சுகர் வழக்கத்தைவிட அதிகம் ஏறியது. கணையத்திலும் மெலடோனின் ஏற்பி இருக்கு. அந்த ஏற்பியின் மரபணுவில் ஒரு வகை மாற்றம் இருப்பவர்களுக்குக் கர்ப்பகால சுகர் வரும் வாய்ப்பே கூடுதல். எதைத் தடுக்கப் போடுறீங்களோ அதையே ஏத்திவிட்டா?

வெளிநாட்டில் இருந்து வரும் கம்மி மிட்டாய் இன்னும் மோசம். (கம்மின்னா குறைவுன்னு நினைக்காதீங்க.) 2023ல் அமெரிக்காவில் 25 மெலடோனின் கம்மிகளைச் சோதித்தார்கள். 22ல் லேபிளில் போட்டது ஒன்று, உள்ளே இருந்தது வேறு. ஒன்றில் மெலடோனினே இல்லை!

என்னை உண்மையில் கவலைப்பட வைப்பது மாத்திரை இல்லை, தேதிதான். கரு உண்டான 28வது நாளுக்குள் நரம்புக்குழாய் மூடி முடிஞ்சிடும். நாள் தள்ளிப்போனது தெரியும்போதே ஏறக்குறைய 14 நாள் போயிருக்கும். "இன்னும் ஒரு வாரம் பாப்போம்" என்று மாமியார் சொல்லி, ஸ்ட்ரிப் வாங்கி, நல்ல நாள் பார்த்து ஆஸ்பத்திரிக்கு வரும்போது அந்தக் கதவு மூடியாச்சு. 9வது வாரத்தில் எந்த மாத்திரை போட்டாலும் அது திறக்காது.

அதனால சுகர் உள்ள பெண்கள், குழந்தை வேணும்னு நினைக்கும் முன்னாடியே மூணு மாசம் ஒதுக்குங்க. எச்பிஏ1சி 6.5க்குக் கீழே வரட்டும். ஃபோலிக் ஆசிட் அப்பவே ஆரம்பிங்க. சுகர் உள்ளவர்களுக்கு அதிக டோஸ் தேவைப்படலாம், டாக்டரைக் கேளுங்க. பிபி, கொலஸ்ட்ரால் மாத்திரைகளில் சிலது கர்ப்பத்தில் ஆகாது. அதையும் அப்பவே மாத்தணும். கணவர்மாரே, அந்த ஓபி வரிசையில் நீங்களும் நில்லுங்க.

கர்ப்பத்துக்கு முன்னாடி சுகரே இல்லாம, 24 வாரத்துக்கு மேல முதல் முறையா சுகர் தெரிஞ்சவங்க இதைப் படிச்சுப் பயப்பட வேணாம். உங்க குழந்தைக்கு நரம்புக்குழாய் எப்பவோ மூடியாச்சு. நம்மூரில் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, 2 மணி நேரம் கழித்து ஒரே தடவை ரத்தம் எடுக்கிறாங்களே, அந்த எளிய முறைக்காகப் போராடியவர் சென்னை டாக்டர் வி.சேஷய்யா. அதில் 140 தாண்டினா கவனிக்கணும். வெறும் வயிற்றில் 95, சாப்பிட்டு 2 மணி நேரத்தில் 120, இதுக்குள்ள வச்சுக்கிட்டா போதும்.

ஏற்கெனவே கர்ப்பமா இருந்து, சுகர் கன்ட்ரோல் இல்லாம ஆரம்ப வாரங்கள் போயிடுச்சா? அழுது பிரயோஜனம் இல்லை. இன்னைக்கே சுகரைக் குறைங்க, மூளை வளர்ச்சி கடைசி மாசம் வரைக்கும் நடக்குது. 18 முதல் 20 வாரத்தில் எடுக்கும் ஸ்கேனைத் தவற விடாதீங்க. மெலடோனின் போட்டுட்டு இருந்தீங்கன்னா, பேரும் மில்லிகிராமும் எழுதி எடுத்துட்டு வந்து உங்க டாக்டர்கிட்ட காட்டுங்க. திட்டமாட்டாங்க.