இது காத்தா மனே?

இன்னும் கறண்ட் வரல்ல. போன்ல கிடக்கிற கொஞ்சச் சார்ஜில எழுதுறன்.

பின்னேரம் ஒரே புழுக்கம். கச்சான் காத்தும் நிண்டு போச்சு.
மேற்கால, வவுணதீவுப் பக்கம், வானம் மை மாதிரிக் கறுத்து வந்திச்சு.
மழை வரப்போகுதெண்டு சந்தோசமா கொடியில கிடந்த உடுப்பு எடுக்கப் போனன்.
வாவித் தண்ணி வெள்ளையா நுரைச்சு எழும்பினதைத்தான் கண்டன்.
அடுத்த நிமிசம் படலை படார் படாரெண்டு அடிக்குது.
குசினித் தகரம் பக்கத்து வளவுக்குள்ள.
முருங்கை முறிஞ்சு கிணத்துக்கு மேல.

இடிமுகில்ல இருந்து மழை விழேக்க குளிர்காத்தையும் சேர்த்து இழுத்து வந்து நிலத்தில கொட்டும். அது நாலா பக்கமும் பாயும். வாவிக்கு மேலால வந்தா மறிக்க ஒரு மரமும் இல்ல.
இந்த விஞ்ஞானமெல்லாம் எனக்கு நல்லாத் தெரியும்.
தெரிஞ்சுகொண்டுதான் கட்டிலுக்குக் கீழ கிடந்தன்.

பெத்தா கதிரையால எழும்பவே இல்ல. வெத்திலை இடிச்சுக்கொண்டு கேக்கிறா:
"இது காத்தா மனே?"

அவவுக்குக் காத்தெண்டா 1978 நவம்பர் 23 இரவுதான்.
ஒருக்கா அடங்கிச்சாம். தப்பினம் எண்டு சனம் வெளிய வர, மற்றப் பக்கத்தால திரும்ப அடிச்சதாம். புயலின்ர கண் கடந்த நேரம் அது.
900 பேருக்கு மேல செத்துப் போன சூறாவளி. விடியப் பார்த்தா தென்னைகள் தலையில்லாம நிண்டதாம்.

இண்டைக்கு வந்தது அவவின்ர கணக்கிலயே இல்ல. எனக்குக் கை இன்னும் நடுங்குது.

78ஐக் கண்ட ஆக்கள் உங்கட வீட்டிலயும் இருப்பாங்களே?
அந்த இடைநேர அமைதி எவ்வளவு நேரம் இருந்ததெண்டு கேட்டுச் சொல்லுங்களன்.