விரிப்பின் கீழே

கேமரன் மலையின் காய்கறித் தோட்டங்களில் பழைய லேண்ட் ரோவர் வண்டிகள் இன்றும் ஓடுகின்றன. 1948-இல் அறிமுகமான அவ்வண்டியின் மேலுடல் அலுமினியக் கலவை, இரும்பைப்போல் துருவேறாது. அடிச்சட்டமும் ஓட்டுநர் கால் வைக்கும் பள்ளமுமோ எஃகாலானவை. இதனை மறந்து, கிழிந்த விரிப்பின்மேலேயே புதியதை விரிப்போர் உளர். பார்வைக்கு அழகுதான், கீழே தங்கிய ஈரம் தகட்டைத் தின்றுகொண்டிருக்கும்.

தொழில் அறிந்தவர் இருக்கைகளைக் கழற்றிப் பழைய விரிப்பை முற்றும் உரித்தெடுப்பர். துருவைச் சுரண்டி, ஓட்டை விழுந்த இடத்தில் புதுத்தகட்டைப் பற்றவைத்து, சாயம் பூசி நன்கு உலர விடுவர். இதற்கே இரண்டு நாள் ஆகும், ஆகட்டும். சணல் அடிமெத்தை நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மழை மிகுந்த மலைக்கு நீர் புகாத நுரைமெத்தையே ஏற்றது. விரிப்பிலும் கம்பளியைவிட நீருறிஞ்சாத பாலிப்புரொப்பிலீன் நன்று; விலையும் குறைவு. வெயிலில் சிறிது நேரம் கிடத்தினால் வளைந்துகொடுக்கும்.

பழைய விரிப்பு கந்தலாயினும் எறியலாகாது. புதியதை வெட்ட அதுவே அளவு. நடுமேட்டில் தொடங்கிப் பக்கங்களுக்குப் பரப்ப வேண்டும். கியர்த்தண்டுக்குரிய துளையை முதலில் சிறிதாகவே வெட்டுக. பெரிதாக வெட்டியதைச் சுருக்க வழியில்லை.

மிதிகட்டைகளை அடிவரை அழுத்திப் பார்த்த பின்னரே வண்டியை எடுக்க வேண்டும். விரிப்பின் ஓரம் சுருண்டு பிரேக்கின் அடியில் நுழையுமாயின், அங்கேயே கத்தரித்துவிட வேண்டும். தாப்பாவுக்கு இறங்கும் வளைவுகளில் குனிந்து சரிசெய்ய நேரமிராது.