கன்றுக்குப் பெயர் என்ன?

புடவைக் கடையில் சாயம் போகுமா என்று பத்துத் தடவை கேட்கிறோம். கத்தரிக்காயைக் கூடக் காம்பைத் திருப்பிப் பார்த்துத்தான் வாங்குகிறோம். மாங்கன்று வாங்கும்போது மட்டும் விற்கிறவர் சொன்ன பெயரை வேதவாக்காக நம்பி விடுகிறோமே, ஏன்? புடவையின் சாயம் ஒரே நனைப்பில் தெரிந்துவிடும். கன்றின் சாயம் வெளுக்க எட்டு வருஷம் ஆகிறதே, சகோதரிகளே!

எங்கள் வீட்டுக் கதையையே கேளுங்கள். என் மாமனாருக்கு மல்கோவா என்றால் உயிர். கொல்லையில் நம் மரத்துப் பழத்தைத் தின்ன வேண்டும் என்று ஆசைப்பட்டார். தெருவோடு போன வண்டிக்காரர், "அசல் மல்கோவா ஒட்டு, அம்மா! நாலே வருஷத்தில் காய்க்கும்" என்றார். தண்டில் பிளாஸ்டிக் நாடா சுற்றியிருந்தது. அதையே அத்தாட்சியாக நினைத்து வாங்கியவள் நான்தான்.

தை பிறந்தால் மாமனார் மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்ப்பார். "இந்த வருஷமும் பூக்கவில்லையே, அம்மா" என்பார். எட்டாம் வருஷம் பூத்தது, காய்த்தது. பழமா அது? நாரும் புளிப்பும்! முந்தின வருஷமே அவர் போய்விட்டார். அவர் படத்துக்கு முன்னால் அதை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

பிறகுதான் விசாரித்துத் தெரிந்து கொண்டேன். நம் ஊர் மாங்கொட்டையை முளைக்க வைத்தால் தாய் மரத்தின் குணம் அப்படியே வருமென்று சொல்வதற்கில்லை. அதனால்தான் நல்ல மரத்தின் குச்சியை வேறு கன்றில் ஒட்டுகிறார்கள். ஒட்டிய இடத்தில் தழும்பு இருக்கும். நாடாவை அவிழ்க்கச் சொல்லி அதைப் பாருங்கள். நடும்போது அந்த இடம் மண்ணில் புதையக் கூடாது. அதற்குக் கீழே துளிர்த்தால் கிள்ளிவிடுங்கள். அது அடிக்கன்றின் துளிர். அதை வளரவிட்டால் மல்கோவா மறைந்து வேறு மரம்தான் மிஞ்சும்.

பெயரிலும் குழப்பம் உண்டு. பெங்களூரா, கிளிமூக்கு, தோத்தாபுரி எல்லாம் ஒன்றே. இமாம்பசந்தை ஹிமாயுதீன் என்பாரும் உண்டு. ஆகவே வேறு பெயர் உண்டா என்று கேளுங்கள். தாய் மரத்தைக் காட்டச் சொல்லுங்கள். ரசீதில் ரகத்தின் பெயரை எழுதி வாங்குங்கள். கன்றில் கட்டிய சீட்டு மழையில் அழிந்துவிடும். வீட்டுக் கணக்கு நோட்டில் பெயரையும் தேதியையும் குறித்து வையுங்கள்.

அரசாங்கத் தோட்டக்கலைப் பண்ணைகள் இருக்கின்றன. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகமும், பெரியகுளத்தில் உள்ள அதன் தோட்டக்கலைக் கல்லூரியும் இருக்கின்றன. நாணயமான தனியார் பண்ணைகளும் உண்டு. அவர்களைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். நான் இரண்டாம் முறை போன இடத்தில் பெரியவர் ஒருவர், "மல்கோவா சுவையில் ராஜா, காய்ப்பதில் கஞ்சன். யோசித்து வாங்குங்கள்" என்றார். சரக்கின் குறையையும் சொல்லி விற்கிறவரை நம்பலாம் அல்லவா?

வாங்கி நட்டேன். ஐந்தாம் வருஷம் நாலே நாலு பழம். முதல் பழத்தை மாமனார் படத்துக்கு முன்னால் வைத்தேன். வீடெல்லாம் மணத்தது. இருந்தாலும், அவர் கையில் கொடுத்திருக்க வேண்டிய பழம் அல்லவா அது?